நல்ல இங்கிலீஷில் யாரும் அழுததில்லை

இன்று காலை இந்த வருஷத்தில் முதல் தடவையாக ஏசியைப் போட்டேன். குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடந்த எந்திரம் ஒருமுறை குலுங்கிவிட்டு, உள்ளே அடைந்திருந்த காற்றையெல்லாம் முகத்தில் ஊதியது. காயாத துணியும் பழைய தூசியும் கலந்த அந்த வாசனை இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். கோடை வந்துவிட்டது என்று அதற்குப் பொருள். எனக்கு அந்த வாசனையோடு நீ வந்துவிட்டாய்.

"இன்னைக்கு ஊரு பூரா ஏசியைப் போடுவாவ. பாதி ஓடாது. இன்னைக்குத்தாம்ட்டி எனக்குத் தீபாவளி" என்று ஒவ்வொரு வருஷமும் இந்த நாளில் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்புவாய். சாயங்காலம் தொண்டை கட்டித் திரும்புவாய். இன்று ஃபில்டரைக் கழுவிவிட்டுக் கொஞ்ச நேரம் ஈரக் கையோடு நின்றிருந்தேன். பிறகுதான் உனக்கு எழுதலாமென்று தோன்றியது.

உன்னைப் பற்றி இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள். புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞர் என்றுதான் எல்லாக் கட்டுரைகளும் தொடங்குகின்றன. வளைகுடா தந்த குரல் என்கிறார் ஒருவர். இல்லை, இந்தியாவின் குரல் என்கிறார் இன்னொருவர். நீ ஏசி பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் புகார் கேட்கும் மேசையில் இருந்தாய் என்பதை ஒரு வரியில் தாண்டிப்போகிறார்கள். எனக்கு அந்த மேசையிலிருந்துதான் உன்னைத் தெரியும்.

நாம் அறிமுகமானதே ஒரு சண்டையில். நானும் என் வீட்டுக்காரரும் மனாமாவில் இந்தக் குதைபியாவுக்குக் குடிவந்த முதல் ஆகஸ்ட். அவர் வேலைக்குப் போயிருந்தார். எனக்குக் காய்ச்சல். ஏசி நின்றுவிட்டது. காவலாளி கொடுத்த நம்பருக்குக் கூப்பிட்டால் ஒரு பெண்குரல், பதற்றமே இல்லாத ஆங்கிலத்தில், "யுவர் கம்ப்ளைன்ட் இஸ் நோட்டட், மேடம்" என்றது. மத்தியானம் கூப்பிட்டாலும் அதே பதில், சாயங்காலம் கூப்பிட்டாலும் அதே பதில். அடுத்த தடவை ஆங்கிலத்தில் கத்த ஆரம்பித்தேன். பாதி வழியில் வார்த்தை தீர்ந்துபோய், "ஐயோ, கொதிக்குதுங்க, தலையே வெடிச்சுரும் போலிருக்கு" என்று தமிழில் உடைந்துவிட்டேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு.

"இதை மொதல்லயே சொல்லப்பிடாதா? எந்த ஊரு நீங்க?"

"திருச்சி."

"நான் பாளையங்கோட்டை. எந்த பில்டிங்கு?"

சொன்னேன்.

"அட, நானும் அங்கதான இருக்கேன்! மேல நாலாவது மாடி. ஆளு வார வரைக்கும் எங்க வீட்டுல போய் படுங்க. எம் மக இருப்பா. போன் பண்ணிச் சொல்லுதேன்."

முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டப் போனால், உன் மகள் யாழினி கதவைத் திறந்து, "கம் ஆன்ட்டி, அம்மா டோல்ட் மீ" என்று சோபாவைக் காட்டினாள். நான் விழித்தபோது நீ அடுக்களையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாய். "எந்திச்சுட்டீங்களா? ஒங்க வீட்டு ஏசி எப்பமே சரியாயிட்டு. நல்லாத் தூங்குதீகளேன்னு எழுப்பல" என்றாய். அன்றைக்குச் சாப்பிட்டு முடிப்பதற்குள் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. ஒரு வாரத்தில் நான் உனக்கு 'ஏட்டி' ஆகிவிட்டேன்.

உன் வீட்டுக்காரர் முருகேசன் அண்ணனுக்குப் பக்கத்து நாட்டில், அல் கோபாரில் வேலை. வியாழக்கிழமை சாயங்காலம் கடல்பாலம் தாண்டி வருவார், சனிக்கிழமை இரவு திரும்பிவிடுவார். மற்ற நாளெல்லாம் நீயும் யாழினியும்தான். எனக்கோ கீழ்த்தெருவில் இருக்கிற கிளினிக்கில், ரத்தம் எடுக்கிற லேபில் டூட்டி. இரண்டு பேரும் வேலைவிட்டு வரும் நேரம் ஒன்றாகவே இருக்கும். முக்குக் கடையில் கரக் டீ வாங்கிக்கொண்டு, படியேறுவதற்குமுன் கொஞ்ச நேரம் தெருவில் நிற்போம். நான் நரம்பு கிடைக்காத கைகளைப் பற்றிச் சொல்வேன். நீ அன்றைக்கு வந்த புகார்களைச் சொல்வாய். சொல்வது என்றால் கதையாக அல்ல. பேசினவர்கள் எப்படிப் பேசினார்களோ அதே குரலில், அதே தடுமாற்றத்தோடு.

ஒரு சனிக்கிழமை மீன் கழுவிக்கொண்டிருந்தோம். கையைத் துடைத்துவிட்டு போனை எடுத்து, "இதைக் கேளு" என்று வாசித்தாய். நான் அதையும் ஒரு புகார் என்றே நினைத்துக் கேட்டேன். ஏதோ ஒரு வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் பெண். எசமானி வெளியே போயிருக்கிறாள். ஏசி ஓடவில்லை. அந்தப் பெண் சொல்கிறாள்: "பேபி ஹாட், மேடம். ஐ ஆல்ஸோ ஹாட். பட் பேபி ஃபர்ஸ்ட்."

அத்தோடு நிறுத்திவிட்டாய்.

"அப்புறம் ஆள் அனுப்புனியா?" என்று கேட்டேன்.

"அனுப்புனேன். அது அன்னைக்கே முடிஞ்சுட்டு. இது முடியல. அதான் எழுதி வச்சேன்."

அப்போதுதான் அது கவிதை என்று எனக்குப் புரிந்தது. கம்பெனி வண்டியில் போகும்போதும் வரும்போதும் போனிலேயே எழுதி வைத்திருக்கிறாய், வருஷக்கணக்காக. யாரிடமும் காட்டியதில்லை.

"தமிழ்ல எழுதலாமேடி, இன்னும் நல்லா வருமே" என்றேன்.

"அவ எங்கிட்ட தமிழ்ல பேசலியே."

"சரி, இங்கிலீஷ்தான்னா ஒழுங்கான இங்கிலீஷ்ல எழுது. நீ எம்.ஏ. படிச்சவதானே?"

நீ மீனைத் திருப்பி மறுபக்கம் செதில் உரசினாய். "இத்தன வருசத்துல எங்கிட்ட நல்ல இங்கிலீஷ்ல நெறையப் பேரு ஏசிருக்காவ. நல்ல இங்கிலீஷ்ல யாரும் அழுததில்ல" என்றாய்.

யாழினிக்கு அது பிடிக்கவில்லை. ஈசா டவுனில் பள்ளிக்கூடம், வீட்டுக்குள்ளேயும் ஆங்கிலம், பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கும் பிள்ளை. "அம்மா, இட்ஸ் எம்பராஸிங். உனக்குத்தான் ப்ராப்பரா தெரியுமே, ஏன் இப்படி ராங்கா எழுதுற? என் ஃப்ரெண்ட்ஸ் பார்த்தா உனக்கு இங்கிலீஷே தெரியாதுன்னு நினைப்பாங்க" என்றாள். நீ கோபப்படவில்லை. "நெனைச்சா நெனைக்கட்டும் மக்கா" என்று தலையைத் தடவப் போனாய். அவள் விலகிக்கொண்டாள்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. ஓர் இணைய இதழுக்கு நீ அனுப்பியதைப் போட்டார்கள். அதைப் படித்துவிட்டு லண்டனிலிருந்து ஒரு சின்னப் பதிப்பகத்தார் எழுதினார்கள். புத்தகமாகப் போட விருப்பம் என்றார்கள். முருகேசன் அண்ணன் அந்த வியாழக்கிழமை பாலத்தைத் தாண்டும்போதே எனக்குப் போன் செய்து, "எம் பொண்டாட்டி லண்டன் போறா, தெரியுமா?" என்று கத்தினார். நீ எங்கேயும் போகவில்லை. கொஞ்ச நாளில் அவர்கள் அனுப்பிய பிரதியில், அந்தப் பெண்ணின் வரிகள் இலக்கணம் பிசகாமல் நின்றன. குழந்தைக்கு வெப்பமாக இருக்கிறது, எனக்கும்தான், ஆனால் முதலில் குழந்தையைக் கவனியுங்கள் என்று, கை கட்டிக்கொண்டு நிற்கிற வாக்கியங்களாக.

"லண்டன்காரங்க சொன்னா சரியாத்தான இருக்கும்? சம்மதம்னு எழுதிரு" என்றார் அண்ணன். நீ அந்த வாரம் முழுக்க ஒழுங்காகச் சாப்பிடவில்லை. யாழினிக்குப் பரீட்சை என்பதால் என் வீட்டில் உட்கார்ந்துதான் அந்தப் பதிப்பாசிரியரோடு வீடியோவில் பேசினாய். வயதான, மென்மையான பெண்மணி. வாசகர்கள் உனக்கு மொழி தெரியாது என்று எண்ணிவிடக் கூடாதே என்றுதான் அவருக்குக் கவலை. அது உண்மையான அக்கறை என்று எனக்கே தெரிந்தது. நீ சொன்னாய், அவருடைய ஆங்கிலத்துக்குக் கொஞ்சமும் குறையாத ஆங்கிலத்தில்: அந்தப் பெண் என்னிடம் பரீட்சை எழுதவில்லை, உதவி கேட்டாள், அவள் பேசியதைத் திருத்த எனக்கு உரிமை இல்லை.

அவர் யோசித்தார். ஒரு கவிதையை வாசிக்கச் சொன்னார். நீ வாசித்தாய். உன் குரல் போய் அந்தப் பெண்ணின் குரல் வந்தது. வாசித்து முடித்ததும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நான் கண்ணால் மட்டும் படித்துவிட்டேன். அப்படியே இருக்கட்டும்" என்றார்.

புத்தகம் வந்தது. பரிசு வந்தது. பத்திரிகையில் உன் படம் வந்தது. கம்பெனி மேனேஜர் அதை வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். நீ அப்போதும் அதே மேசையில் போன் எடுத்துக்கொண்டிருந்தாய். ஒருவர் ஏசி ஓடவில்லை என்று கூப்பிட்டு, குரலை அடையாளம் கண்டு, "மேடம், யூ ஆர் தட் போயட்?" என்று கேட்டதாகவும், "எஸ் சார், பட் வாட் இஸ் த ப்ராப்ளம்?" என்று நீ கேட்டதாகவும் சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு ஷார்ஜாவோடு நின்றுபோனது.

ஷார்ஜாவில் ஒரு புத்தக விழாவுக்கு உன்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் கூட வந்தேன். பெரிய அரங்கு, நல்ல கூட்டம். நீ செல்வராஜின் கவிதையை வாசித்தாய். செல்வராஜ் உங்கள் கம்பெனி டெக்னீஷியன், அரியலூர்ப் பக்கத்துக்காரர். வேலை முடிந்ததும் ஆபீஸுக்குப் போன் செய்து ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும், எல்லாம் பதிவாகும் என்பது கம்பெனி விதி. அதனால் தமிழ் தெரிந்த உன்னிடமும் அவர் ஆங்கிலத்தில்தான் சொல்வார். ஜூலை மாதம், மொட்டைமாடி வெயிலில் நின்று எந்திரத்தைச் சரிசெய்துவிட்டு, ஒருநாள் மூச்சு வாங்கிக்கொண்டே அவர் சொன்னதுதான் அந்தக் கவிதையின் கடைசி வரி: "ஏசி நவ் கூல், மேடம். ஐ ஆம் லேட்டர் கூல்."

அரங்கமே சிரித்தது. கைதட்டிச் சிரித்தது. நீ மேடையில் கல்லாக நின்றதை நான் முன்வரிசையிலிருந்து பார்த்தேன். கேள்வி நேரத்தில் ஓர் இளைஞன் எழுந்தான். மரியாதையாகத்தான் கேட்டான். "இந்த மனிதர்களுடைய உடைந்த ஆங்கிலத்தை வைத்து எங்களைச் சிரிக்க வைக்கிறீர்கள். உங்களுக்குப் பரிசும் கிடைக்கிறது. அவர்களுக்கு இது தெரியுமா?"

"எனக்குத் தெரியாது" என்றாய்.

திரும்பி வரும் விமானத்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாய். கடல் முடிந்து மனாமா தெரியும்போது, "சிரிச்சாவட்டி" என்றாய். "நான் அழுதுட்டே எழுதுன எடத்துல சிரிச்சாவ. அந்தத் தம்பி கேட்டதுல என்ன தப்பு? செல்வராஜ் எங்கிட்ட வேலை முடிஞ்சுட்டுன்னு சொன்னாரு. அதை எடுத்து மேடையில வித்துட்டு வாரேன்."

நான் ஏதேதோ சொன்னேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், புரிந்தவர்களுக்குப் புரியும் என்றெல்லாம். எதுவும் உன் காதில் விழவில்லை. அதற்கப்புறம் நீ எழுதவில்லை. வந்த அழைப்புகளுக்கெல்லாம் முடியாது என்று பதில் போட்டாய். முக்குக் கடையில் கரக் குடிக்கும்போது புகார்களைச் சொல்வதையும் நிறுத்திவிட்டாய். நான் கேட்டால், "எல்லாம் கலாஸ்ட்டி, என்னத்தச் சொல்ல" என்பாய். வேலைக்குப் போனாய், வந்தாய், சமைத்தாய். ஒரு வருஷத்துக்குமேல் அப்படியே போயிற்று.

செல்வராஜை நான்தான் கேட்டேன் என்று உனக்குப் பிறகு சொன்னேன், நினைவிருக்கிறதா? எங்கள் வீட்டு ஏசிக்கு வருடாந்தர சர்வீஸ் செய்ய வந்திருந்தார். கதவோரம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறியவரிடம், "உங்க மேடம் உங்களைப் பத்தி எழுதியிருக்காங்களே, தெரியுமாண்ணே?" என்றேன்.

"ஆபீஸ்ல சொன்னாங்க. பேப்பர்ல போட்டோ கூடப் பாத்தேன்" என்றார், மேலேயே நின்றுகொண்டு. "ஆனா என்ன எழுதுனாங்கன்னு யாருமே சொல்லலியே."

"அவங்களுக்கு மனசு சரியில்ல. உங்களைக் கேக்காம உங்க பேச்சை எடுத்துட்டோமேன்னு இருக்கு. நீங்க என்ன நினைப்பீங்களோன்னு."

அவர் ஃபில்டரைக் கழற்றிக் கீழே கொடுத்தார். "கேட்டாத்தானே நினைக்க முடியும்? ஒரு வெள்ளிக்கிழமை ரூமுக்கு வந்து படிச்சுக் காட்டச் சொல்லுங்க. கேட்டுட்டு நல்லாயிருந்தா நல்லாயிருக்குன்னு சொல்றோம். இல்லாட்டி இல்லேன்னு சொல்றோம்."

உன்னிடம் வந்து சொன்னபோது உன் முகம் வெளுத்துவிட்டது. "நான் வரமாட்டேன்" என்றாய்.

"லண்டன்காரிகிட்டயே தைரியமா பேசுனவதானேடி நீ?"

"அவ என்ன சொன்னாலும் எனக்கு நஷ்டமில்ல. இவ்வொ வேண்டாம்னுட்டா நான் என்னட்டி செய்வேன்?"

ஆனாலும் வந்தாய். அண்ணன்தான் காரோட்டினார். சல்மாபாத்தில் கம்பெனி கேம்ப். அடுக்குக் கட்டில்கள் போட்ட அறை. எங்களுக்காகக் கீழ்க்கட்டில் ஒன்றில் புதுப் போர்வை விரித்து வைத்திருந்தார்கள். குளித்து, தலைவாரி, வெள்ளிக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தமிழ் ஆட்கள், கதவோரம் இரண்டு நேபாளிகள். யாரோ பெப்ஸி வாங்கி வந்து கையில் கொடுத்தார். அந்த டப்பாவை நீ திறக்கவே இல்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாய்.

பிறகு வாசித்தாய். ஷார்ஜாவில் வாசித்ததையே, அதே வரிசையில். பிள்ளை பார்க்கும் பெண். ஏசித் தண்ணீர் ஒழுகும் படுக்கை. நோன்பு திறக்கும் நேரத்தில் வந்த அழைப்பு. கடைசியில் செல்வராஜ். "ஏசி நவ் கூல், மேடம். ஐ ஆம் லேட்டர் கூல்."

யாரும் சிரிக்கவில்லை. நேபாளிகளில் ஒருவர் இந்தியில், "பஹன்ஜி, கடைசியை இன்னொரு தடவை" என்று கேட்டார். வாசித்தாய். அவர் தலையைக் குனிந்துகொண்டார். செல்வராஜ் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"மேடம், இது நான் சொன்னதுதான். ஆனா நான் இவ்ளோ நல்லாவா பேசுனேன்?"

அறையில் எல்லாருமே அப்போது சிரித்தார்கள். செல்வராஜின் முதுகில் தட்டினார்கள். நீயும் சிரித்தாய். சிரிக்கும்போதே கண்ணில் வழிந்தது, துடைக்கவில்லை.

அதோடு முடிந்துவிடவில்லை. மூத்தவர் ஒருவர், மேல்கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தவர், "எல்லாம் சரிதான்மா. செல்வராஜ் பேரு எங்க?" என்றார்.

"பேரைப் போட்டா ஒங்களுக்குக் கம்பெனியில தொந்தரவு வந்துரக் கூடாதேன்னுதான் போடல" என்றாய்.

"வந்தா அவன் பாத்துக்குவான். அவனைக் கேட்டீங்களா?"

செல்வராஜ் உடனே சொன்னார்: "போடுங்க மேடம். செல்வராஜ், அரியலூர்னு ஊரையும் சேத்துப் போடுங்க. எம் பொண்ணு படிக்குது, அது பாக்கட்டும்." இன்னொருவர், சின்ன வயசுக்காரர், தன்னுடைய கவிதையே வேண்டாம் என்றார். ஒழுகும் படுக்கை அவருடைய பழைய ரூமில் நடந்தது. வீட்டில் தெரிந்தால் வருத்தப்படுவார்கள், இங்கே நன்றாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன் என்றார். அது உன்னுடைய ஆகச் சிறந்த கவிதை என்று பத்திரிகைகள் சொல்லியிருந்தன. "எடுத்துருதேன் தம்பி" என்றாய், யோசிக்காமல்.

சொன்னபடி எடுத்தாய். இரண்டாம் பதிப்பில் அது இல்லை, செல்வராஜின் பேரும் ஊரும் இருந்தன. காரணம் தெரியாத விமர்சகர்கள் இன்றைக்கும் அதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த புத்தகத்தில் ஒவ்வொரு கவிதையின் கீழும், யாருடைய பேச்சோ அவர் சம்மதித்திருந்தால் அவர் பேரும் ஊரும் இருக்கும். சம்மதிக்காதவர்களின் பேச்சு இருக்காது. வெள்ளிக்கிழமைதோறும் எங்காவது ஓர் அறைக்குப் போய்ப் படித்துக்காட்டிச் சம்மதம் வாங்கினாய். பிள்ளை பார்க்கும் பெண்ணையும் தேடிப் பிடித்தாய். அவள் உன்னைக் கட்டிக்கொண்டு, அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது என்று சொன்னாளாம். உன் பேரைவிட அந்தப் பேர்கள் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று நீ அடம்பிடித்ததையும், லண்டன் அம்மாள் சிரித்துக்கொண்டே சரி என்றதையும் நான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

அந்தப் புத்தகம் அச்சுக்குப் போன மாதம் உனக்கு முதுகுவலி வந்தது. நாற்காலி சரியில்லை என்றாய். சாப்பாடு இறங்கவில்லை. நான்தான் கட்டாயப்படுத்தி எங்கள் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். நான்தான் உன் கையைக் கட்டி ரத்தம் எடுத்தேன். "எத்தன பேருக்குக் குத்திருப்ப, எனக்கு மட்டும் நரம்பத் தேடுத பாரு" என்றாய். எந்திரத்திலிருந்து முடிவு வந்தபோது லேபில் நான் மட்டும்தான் இருந்தேன். எண்களைப் பார்த்தேன். பிழையாக இருக்கும் என்று மறுபடியும் ஓட்டினேன். அதேதான்.

முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது. வெளியே வந்து, "டாக்டர் கூப்பிடுவாரு, கொஞ்சம் உக்காரு" என்றேன். நீ என்னை அண்ணாந்து பார்த்தாய்.

"ஏட்டி, ஒன் மூஞ்சி நல்ல தமிழ்ல பேசுது" என்றாய்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் கையைப் பிடித்துக்கொண்டேன். பஞ்சு ஒட்டின கை.

கணையம் என்றார்கள். பரவிவிட்டது என்றார்கள். இங்கே கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, அம்மாவிடம் போகிறேன் என்று பாளையங்கோட்டைக்குக் கிளம்பினாய். அண்ணன் வேலையை விட்டுவிட்டு உன்னோடு வந்தார். யாழினிக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தன. அவள் பரீட்சை வேண்டாம், நானும் வருகிறேன் என்று அழுதாள். "எழுதிட்டு வா மக்கா. நான் எங்கயும் போவ மாட்டேன்" என்று அவளுக்குச் சத்தியம் செய்துகொடுத்தாய். என்னிடம் தனியாக, "இவளப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னாய்.

அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். என்னோடு அதிகம் பேசமாட்டாள். படிப்பாள், சாப்பிடுவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். ஒருநாள் துணி மடித்து வைக்க உள்ளே போனேன். பாடப்புத்தகத்துக்குமேல் உன் புத்தகம் திறந்து கிடந்தது. அவள் அதை மறைக்கவில்லை.

"ஆன்ட்டி, நான் இதைப் படிச்சதே இல்ல. சும்மா பார்த்துட்டு மிஸ்டேக்ஸ்னு சொல்லிட்டேன்" என்றாள். "அம்மா வீட்ல இந்த வாய்ஸ்லாம் பண்ணிக் காட்டுவாங்க. ஐ யூஸ்ட் டு ஷட் மை டோர்."

அன்று சாயங்காலம் உனக்குப் போன் போட்டு, அவளே உனக்கு உன் கவிதைகளை வாசித்தாள். முதலில் அவளுடைய பேச்சுப்போட்டி ஆங்கிலத்தில் வாசித்தாள். நீ அந்தப் பக்கத்திலிருந்து, மெலிந்த குரலில், "அப்படி இல்ல மக்கா. அந்தப் பிள்ள மூச்சு வாங்கிட்டே பேசுனா. மெதுவா" என்றாய். அவள் திரும்ப வாசித்தாள். அதற்குப் பிறகு தினமும் வாசித்தாள். கதவுக்கு வெளியே நின்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கடைசிப் பரீட்சை எழுதின அன்றே அவளை விமானம் ஏற்றினேன். நீ சத்தியத்தைக் காப்பாற்றினாய். அவள் வந்து, கூட இருந்து, உன் தலைமாட்டில் தூங்கி எழுந்த சில நாட்கள் உனக்குக் கிடைத்தன. நான் டூட்டியில் இருந்தபோது அண்ணன் கூப்பிட்டார். எதிரே ஒருவர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ரத்தம் எடுத்து முடித்து, பஞ்சு வைத்து, பேர் எழுதி ஒட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் எழுந்து போய் அழுதேன். வரமுடியவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது. நீ இருந்தால், "வந்து என்னத்தச் செஞ்சிருப்ப, போட்டி" என்றிருப்பாய்.

இப்போது உன் கவிதைகள் கல்லூரிகளில் பாடமாக இருக்கின்றன. உன்னைப் பின்பற்றி எழுதுகிறவர்கள் வந்துவிட்டார்கள். சிலருடையது நன்றாக இருக்கிறது. சிலர் வெறுமனே இலக்கணத்தை உடைத்துவிட்டு அதுதான் நீ என்கிறார்கள். குதைபியாவில் உனக்கு நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் பெரியவர்கள் பேசினார்கள். செல்வராஜ் பேச மறுத்துவிட்டார். ஆனால் கூட்டம் முடிந்ததும் உன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, தன் பேர் இருக்கிற பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். "நான் எழுதலியேண்ணே" என்றேன். "நீங்கதானே என்னைக் கேட்டீங்க" என்றார். போட்டுக் கொடுத்தேன்.

யாழினி சென்னையில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவோம். போன வாரம் அவளிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நாள் அது. வரிசையாக ஆட்கள். அதில் ஒருவர், வங்காளப் பக்கத்தவராக இருக்கலாம், வலதுகையைக் கொடுக்காமல் இடதுகையை நீட்டினார். நரம்பு அதில் சரியாகக் கிடைக்கவில்லை. மற்றதைக் கொடுங்கள் என்று நான் சைகை காட்டியதும், வலதுகையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஏதோ சொன்னார். முன்பெல்லாம் இப்படிப் பேச்சை நான் கவனித்ததில்லை. கை எங்கே, நரம்பு எங்கே என்றுதான் பார்ப்பேன். இப்போது ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டேன். வேலை முடிந்து வெளியே வந்ததும் படிக்கட்டில் நின்று உனக்குப் போன் போட எடுத்தேன். உன் நம்பர் இன்னும் அதில் இருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு யாழினியைக் கூப்பிட்டேன்.

"ஒருத்தர் கையைக் குடுக்க மாட்டேன்னுட்டாருடா. அந்தக் கையாலதான் நான் வேலை செய்யணும், வீட்டுக்கு அனுப்பணும், அதனால அதுல குத்தாதீங்கன்னு—"

"ஆன்ட்டி, வெயிட்" என்று இடைமறித்தாள். "இது நீங்க சொல்றது. அவர் எப்படிச் சொன்னாரு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் நின்ற விதத்தை நினைத்துக்கொண்டேன். அவசரப்படாமல், அவர் விட்ட இடத்தில் விட்டு, நிறுத்தின இடத்தில் நிறுத்தி, சொன்னேன்.

"திஸ் ஹேண்ட், சிஸ்டர், நாட் மை ஹேண்ட். திஸ் ஹேண்ட் மை ஹோம்."

அவள் மெதுவாகக் கேட்டாள்:

"ஆன்ட்டி, அவர் பேர் கேட்டு வெச்சீங்களா?"

கேட்டு வைத்திருந்தேன்.